வேறிடத்தில் சேர்க்கப்பட்டது

நாமக்கல்லில் ஏற்றிய கோழி எரு
பர்லியாறு தாண்டும் முன்பே
பாதிக்கு மேல் கணக்கில் ஏறிவிட்டது.
கூண்டுக்கு அடியில் கிடந்த நாட்களுக்கு ஒரு காரணி,
குவித்து வைத்த நாட்களுக்கு ஒன்று.
அவை கீழே, சமவெளியின் தாளில்.
மலைக்கு மிச்சம்
மண்ணில் வீசியபின் எழும் அம்மோனியா.
அதற்குத்தான் என்னைக் கேத்திக்கு அனுப்பினார்கள்:
பதினோரு மாத ஒப்பந்தம், பேருந்துப்படி,
மூலை உடைந்த ஒரு டேப்லெட்.

தை மாதம்.
உறைபனி விலகாத கேரட் வரிசையில்
பத்து மணிவரை ஒரு வாடையும் இல்லை.
சரிவில் வெயில் இறங்கித்
தார்ப்பாயைத் தொட்டதும்
கண் கரித்தது.
மணி பத்து இருபது, எழுதிக்கொண்டேன்.
படிவத்தில் அதற்கு இடம் இல்லை.
ஆண்டு என்று ஒரு கட்டம்தான்.

யோகராணி குத்தகைக்காரி.
நிலம் ஹாலனுடையது,
சொசைட்டியின் யூரியா இயந்திரத்தில் பதிந்த
கட்டைவிரலும் ஹாலனுடையது.
பதிவேட்டின்படி அவர்
முப்பது சென்ட் தேயிலைக்கு
நாற்பது மூட்டை தின்னக் கொடுத்திருக்கிறார்.
ஓடைக்கு இந்தப் பக்கம்
நாலு குடும்பத்துக் கேரட்
எதையுமே தின்னாமல்
இவ்வளவு சிவந்திருக்கிறது.

"ஏக்கருக்கு எத்தனை கிலோ எரு?"
"கிலோ என்ன கிலோ. லோடு கேளு."
"ஒரு லோடு எவ்வளவு?"
"டிரைவர் யாருங்கிறதைப் பொறுத்தது."
"போட்டு எத்தனை மணிநேரத்தில மண்ணை மூடுவீங்க?"
நாலு மணிக்குள், ஒரு நாளுக்குள், மூடுவதில்லை;
மூன்றில் ஒன்றை நான் தொட வேண்டும்.
"ஆள் வந்தா அன்னிக்கே.
ஆளெல்லாம் கட்டட வேலைக்குப் போயிட்டா
அடுத்த திங்கள்."
விரல் திரைமேல் நின்றது.

மாடு ஒன்று.
தொழுவமா மேய்ச்சலா என்றேன்.
அது பாலாடா ஸ்டாண்டில்
இரண்டு ஆட்டோவுக்கு நடுவே நின்று
முட்டைக்கோஸ் இலையை
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
மூத்திரம் தார்ச்சாலையில்.
தார்ச்சாலை என்றொரு நிலவகை
கையேட்டில் இல்லை.

கையேட்டின் எண்
எங்கோ தட்டையான வயலில்
காற்றுச் சுரங்கம் வைத்து
நாலு பருவம் பொறுமையாய் அளந்தது.
நல்ல எண்தான். குறை சொல்ல மாட்டேன்.
ஆனால் அந்த வயல் ஒருநாளும்
மழையில் நழுவித் தன் கீழ்வயலின்மேல்
உட்கார்ந்திருக்காது.

சொந்தமாய் ஓர் அளவு வேண்டுமென்று
மூன்று கடிதம் எழுதி வாங்கிய வட்டு,
அமிலம் தோய்ந்த தாளை உள்ளே வைத்தது,
சட்டைப் பித்தான் அளவு.
வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தேன்.
பதினைந்தாம் நாள் போனால்
அதன்மேல் பால் கவர்,
ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தது.
"ராத்திரிப் பனியில நனையுதேன்னு
நான்தான் மூடினேன்" என்றாள் யோகராணி.
"கெட்டுப்போச்சா?"
"இல்லக்கா" என்றேன்.
லேப் முடிவு வந்தது: சுழிக்குப் பக்கத்தில்.
நாட்டிலேயே தூய்மையான விவசாயம்
இரண்டு வாரம் அங்கே நடந்திருக்கிறது.

"சராசரியைப் போட்டுருங்க மேடம்,
மூணாவது தசமம்கூட அசையாது"
என்றார் போனில் மேலதிகாரி.
போட்டுப் பார்த்தேன். எடுத்துப் பார்த்தேன்.
உண்மைதான்.

காலிக் கட்டம் விடக்கூடாது என்பது விதி.
எண் இல்லையென்றால் ஒரு சொல்:
நிகழவில்லை.
மதிப்பிடப்படவில்லை.
வேறிடத்தில் சேர்க்கப்பட்டது.
குன்னூர்ப் பேருந்தில் உட்கார்ந்து
மாட்டுக்கு மூன்றாவதைத் தொட்டேன்.
எங்கே சேர்த்தாய் என்று கேட்டால்
இரண்டு ஆட்டோவுக்கு நடுவே என்பேன்.
எருவுக்குச் சராசரி.
நிச்சயமின்மை: நூறு விழுக்காடு,
அதற்கு மேல் அந்தக் கட்டம் ஏற்கவில்லை.
குறிப்புப் பத்தியில் மட்டும்
'அளவி பால் கவரால் மூடப்பட்டிருந்தது,
காரணம் பனி' என்று அடித்து
நெடுநேரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

பக்கத்து இருக்கைப் பெண்
மூக்கைச் சுளித்து
ஜன்னல் கண்ணாடியை இழுத்துத் திறந்தாள்.
என் ஸ்வெட்டர்தான்.
மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை.
அருவங்காடு வரை
குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.